இயற்கை வைத்தியரிடம் போகலாமா? போகுமுன் கேட்க வேண்டியவை

(தோட்டத் தலைவர்கள், மாதர் பிரிவு உறுப்பினர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் எமது சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



துணி துவைக்க, விறகு எடுக்க, பிள்ளைகளோடு இருக்க என்று நமக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதை விட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். இது சம்பளக் கூட்டம் அல்ல என்று முன்பே சொல்லியிருந்தோம். ஆனாலும் இன்று பேசப் போவது நம் சம்பளக் காசையும் தொட்டது, நம் உயிரையும் தொட்டது.

முதலில் நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவரிடம் கேட்டுத்தான் சொல்கிறோம். "என் கதையைச் சொல்லுங்க, பேரைச் சொல்லாதீங்க" என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். சீனி வருத்தம். மாதம் ஒரு தடவை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்து வருவார். ஒரு சம்பள நாளில் டவுனுக்குப் போனபோது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வேன் நின்றது. ஸ்பீக்கரில் பேசினார்கள். "இயற்கை வைத்தியம், பக்கவிளைவே இல்லை, மூன்று மாதத்தில் சீனி அடியோடு போகும், இங்கிலீஷ் மருந்தை இன்றைக்கே நிறுத்துங்கள்." மூன்று போத்தல் பாணி வாங்கினார். கையில் இருந்த காசு போதாமல் பக்கத்து லயத்தில் கடனும் வாங்கினார். பதினைந்து நாள் பேர்க் காசு அதில் போனது. குளிசையை அன்றே நிறுத்தினார்.

முதல் இரண்டு கிழமை நன்றாக இருந்ததாம். குளிசையால் வந்த வயிற்றுப் பிரட்டல் இல்லை. இரண்டாம் மாதம் மழையில் கவ்வாத்து மலையில் ஒரு குச்சி காலில் கீறியது. புண் ஆறவில்லை. பச்சிலை கட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று அவரால் சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியாது.

அவர் ஏமாந்த மனுசி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். மூன்று காரணம் சொன்னார். கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் இல்லை. விடியற்காலை போய் வரிசையில் நின்றால் டொக்டர் பார்ப்பது இரண்டு நிமிடம், அதுவும் நமக்கு விளங்காத மொழியில். வேனில் வந்தவரோ தமிழில் பேசினார், நாற்காலி போட்டு உட்கார வைத்தார், வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் குளிசையை நிறுத்தியது அந்த லயத்தில் பலருக்குத் தெரியும். நம் சங்கத்துத் தலைவருக்கும் தெரியும். "அது அவங்க சொந்த விசயம்" என்று நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். ஒரு கிலோ கொழுந்தைக் குறைத்து நிறுத்தால் துரையோடு சண்டைக்குப் போகும் நாங்கள், இதில் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கூட்டம்.

இயற்கை வைத்தியம் கெட்டதா?

அப்படிச் சொல்ல வரவில்லை. நம் தாத்தா பாட்டிமார் இந்த மலைக்கு வந்த காலத்தில் அவர்களைக் காப்பாற்றியதில் கைவைத்தியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் தடிமன் வந்தால் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கிறோம். சிங்கள அயலவர் வீட்டில் பஸ்பங்குவ அவிக்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குக் காயம் அரைத்துக் கொடுக்கிறோம். இதையெல்லாம் விடச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை, தேவையும் இல்லை.

மூலிகையிலிருந்து நல்ல மருந்து பிறந்ததும் உண்மை. சீனாவைச் சேர்ந்த தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய வைத்திய நூலைப் படித்து, ஒரு செடியிலிருந்து மலேரியாவுக்கு மருந்து பிரித்தெடுத்தார். அதற்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் செடியை அவித்துப் போத்தலில் அடைத்து விற்கவில்லை. எந்த அளவில் வேலை செய்கிறது, யாருக்குத் தீங்கு என்று சோதித்துப் பார்த்தார். தானே முதலில் குடித்தும் பார்த்தார். சோதித்த மருந்துக்கும் சோதிக்காத மருந்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சோதிக்காததற்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்து என்று ஒரு பாணியை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கான சனங்கள் முண்டியடித்தது நினைவிருக்கும். அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று வந்தது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் இல்லை. பயம் வந்தால் யாரும் நம்புவார்கள்.

ஒரு போர்டு, நான்கு விதமான ஆள்

டவுனில் "இயற்கை வைத்தியம்" என்று போர்டு தொங்கினால், உள்ளே நான்கு விதமானவர்களில் ஒருவர் இருக்கலாம்.

முதலாவது, சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள். இவர்களுக்கு நாட்டில் சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத வைத்திய சபையில் பதிவு செய்து, பதிவு இலக்கம் பெற்றவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவர்களும் இவர்களில் உண்டு. அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலைகளில் காசில்லாமலே பார்க்கலாம்.

இரண்டாவது, பரம்பரை வைத்தியர்கள். எலும்பு முறிவு, கண், விசக்கடி என்று ஒரு துறையைத் தகப்பனிடமிருந்து கற்றவர்கள். இவர்களிலும் பதிவு பெற்றவர்கள் உண்டு, பெறாதவர்களும் உண்டு.

மூன்றாவதுதான் பெயருக்கு ஏற்ற இயற்கை வைத்தியம். உணவு, தண்ணீர், வெயில், ஓய்வு, உடற்பயிற்சி, எண்ணெய் பூசிப் பிடித்துவிடுதல், உண்ணாவிரதம் இவைதான் இதன் வழி. இதன் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் உருவானது. காந்தி இதை விரும்பினார், இந்தியாவில் பரவியது. இந்த முறையில் போத்தல் மருந்துக்கே பெரிய இடமில்லை. ஆகவே "இயற்கை வைத்தியர்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மூன்று போத்தல் விற்றால், அங்கேயே யோசிக்க வேண்டும்.

நான்காவது, வேனில் வந்து விற்றுவிட்டுப் போகிறவர். இன்றைக்கு இந்த டவுன், நாளைக்கு அடுத்த டவுன். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தேடிப் போக ஆள் இருக்காது.

எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது

கூடை சுமந்து வரும் முதுகுவலி, தோள்வலி, நாள்பட்ட மூட்டுவலி, தூக்கமின்மை, மலச்சிக்கல், உடல் பருமன் இவற்றுக்கு எண்ணெய் பூச்சு, ஒத்தடம், உணவுக் கட்டுப்பாடு, பயிற்சி பலருக்கு ஆறுதல் தருகிறது. அதிலும் ஒரு நிபந்தனை. வலியோடு காய்ச்சல், கால் மரத்துப் போதல், காரணமில்லாமல் உடம்பு மெலிதல், சிறுநீர் போவதில் கோளாறு இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி.

சில விசயங்களுக்கு முதலில் வேறெங்கும் போகவே கூடாது. இதைக் கொப்பியில் எழுதி லயத்துச் சுவரில் ஒட்டச் சொல்கிறோம்.

பாம்புக்கடி. பார்வை பார்க்க, கல் வைக்க என்று ஒரு நிமிடம்கூடப் போகக்கூடாது. கடித்த இடத்தை வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். தேயிலைச் செடியடியில் கிடக்கும் சின்ன விரியனுக்கு நம் ஆஸ்பத்திரியில் உள்ள விசமுறிவு ஊசி வேலை செய்யாது. அப்படியிருந்தும் அங்கேதான் போக வேண்டும். ஏனென்றால் அது சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். அதைக் கண்டுபிடித்துக் காப்பாற்ற ஆஸ்பத்திரியால்தான் முடியும்.

குளவிக் கொட்டு. ஒன்றிரண்டு கொட்டினால் பெரும்பாலும் வீட்டில் சமாளிக்கலாம். பல இடத்தில் கொட்டினால், அல்லது முகம் வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால், சுண்ணாம்பு பூசிக்கொண்டு உட்காராமல் உடனே கிளம்ப வேண்டும்.

நாய்க்கடி. சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். விசர்நோய் வெளிப்பட்டுவிட்டால் பிறகு எந்த வைத்தியமும் காப்பாற்றாது.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் கோணுதல். இங்கே மணிக்கணக்குத்தான் உயிர்க்கணக்கு.

விட்டு விட்டு வந்தாலும் இரண்டு நாளைத் தாண்டும் காய்ச்சல். டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று இரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கர்ப்பிணித் தாய்க்கு வரும் எந்தக் கோளாறும், கைக்குழந்தைக்கு வரும் வாந்தி, வயிற்றோட்டமும். குழந்தைக்கு ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.

இவற்றுக்கு வாகனம் இல்லை என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வேலை நேரத்தில் நடந்தால் தோட்டத்து வாகனத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் தலைவருக்குச் சொல்லுங்கள்.

எலும்பு முறிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முறிவு வைத்தியரிடம் போவது நம் பக்கத்தில் வழக்கம். போனாலும், முதலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள். பத்தை கட்டிய பிறகு விரல் நீலமானால், குளிர்ந்தால், மரத்தால், வலி கூடினால், இரவானாலும் கட்டை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் கையே போகலாம். இன்னொரு காரணமும் உண்டு. வேலையில் விழுந்து முறிந்தால் தொழிலாளர் நட்டஈடு கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பதிவும் வைத்திய அறிக்கையும் இல்லாவிட்டால் அந்தக் காசைப் பெறுவது மிகக் கடினம். நேராக வீட்டுக்குப் போய்ப் பத்தை கட்டிக்கொண்டால், கம்பெனி "எங்கே விழுந்தீர்களோ யாருக்குத் தெரியும்" என்று கேட்கும்.

"இயற்கையானது, தீங்கில்லை" என்ற பேச்சு

மலையில் முளைக்கிற எல்லாக் காளானையும் பறித்துச் சமைப்போமா? மாட்டோம். எது உணவு, எது விசம் என்று நமக்குத் தெரியும். மருந்தும் அப்படித்தான்.

சீனிக்கு நல்லது என்று காமரங்காயைச் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். அப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களை நம் நாட்டு வைத்தியர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு பழம் சாப்பிடுவதும், தினமும் கோப்பை கோப்பையாகச் சாறு குடிப்பதும் ஒன்றல்ல. ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் உள்ளவர் அந்தப் பழத்தையே தொடக்கூடாது.

கொத்தலாஹிம்புட்டு சீனியைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்லது. ஆனால் குளிசையும் போட்டு, அதையும் குடித்து, காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மலைக்கு ஏறினால் சீனி மட்டுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். வேலை செய்யும் மருந்து என்றால் அளவு பார்க்க வேண்டிய மருந்து என்றுதான் அர்த்தம். உண்ணாவிரதமும் அப்படியே. சீனிக் குளிசை போடுகிறவர் டொக்டரிடம் கேட்காமல் பட்டினி கிடக்கக்கூடாது.

மூட்டுவலிக்கு என்று பெயரில்லாத தூள் விற்கிறார்கள். ஒரே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டெரோய்ட் கலந்த தூள்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. முகம் ஊதும், சீனி ஏறும், எலும்பு தேயும். முறைப்படி செய்யாத பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் இருந்ததையும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உட்காருமுன் ஏழு கேள்விகள்

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு வைத்தியரிடம் போக விரும்பினால் போங்கள். போய் இவற்றைக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார்.

1. ஐயா, உங்கள் பதிவு இலக்கம் என்ன? எங்கே படித்தீர்கள்?

2. எனக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீர்கள்? எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

3. இந்த மருந்தில் என்ன இருக்கிறது? பெயரை எழுதித் தருவீர்களா?

4. நான் போடும் குளிசையோடு இது சேருமா? கிளினிக் கொப்பியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். கொப்பியைத் திறந்தே பார்க்காதவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

5. எத்தனை நாளில் என்ன மாற்றம் தெரியும்? தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?

6. மொத்தம் எவ்வளவு செலவு? பற்றுச்சீட்டு தருவீர்களா?

7. எந்த அறிகுறி வந்தால் இதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. தன் வைத்தியத்துக்கு எல்லை தெரிந்தவர் பதில் சொல்வார். "ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லை, எல்லாம் என்னிடம் சுகமாகும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். புற்றுநோய், சீனி, பிரஷர், ஆஸ்துமா எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல் என்பவரிடமும், குளிசையை இன்றே நிறுத்து என்பவரிடமும், முழுக் காசையும் முதலிலேயே கேட்பவரிடமும் இருக்க வேண்டாம்.

கிளினிக் குளிசையை நிறுத்துவதையோ குறைப்பதையோ அந்தக் கிளினிக் டொக்டர் மட்டுமே செய்ய வேண்டும். குளிசை ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் அதை அவரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு போடச் சொல்வார், அல்லது வேறு குளிசை தருவார். நாட்டு மருந்து குடிப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏசுவார் என்று பயப்படாதீர்கள். ஏசினாலும் உயிர் தப்பும். மருந்து தொடங்குமுன் சீனி, பிரஷர் பார்த்து எழுதுங்கள், ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். உடம்புக்குச் "சுகம் போல இருக்கிறது" என்பதை நம்பாதீர்கள். சீனியும் பிரஷரும் வலிக்காமலே உள்ளே வேலை செய்யும்.

சங்கம் செய்ய வேண்டியது

தோழர்களே, இந்த ஏழு கேள்வியோடு வீட்டுக்குப் போய்விட்டால் பாதி வேலைதான் முடியும். நம் உறுப்பினர் சொன்ன மூன்று காரணங்களை மறக்கக்கூடாது. பேர் போனது, மொழி விளங்கவில்லை, உட்கார வைத்துப் பேச ஆளில்லை. இந்த மூன்றும் இருக்கும்வரை வேன் வரும், போத்தல் விற்கும்.

தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. டிஸ்பென்சரியில் மருந்து இல்லாததால் நாட்டு மருந்துக்குப் போவது விருப்பத்தோடு போவதல்ல. இரண்டும் கையெட்டும் தூரத்தில் இருந்து, விளங்கிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தால்தான் அது நம் முடிவு.

ஆகவே சுகாதாரக் குழு மூன்று விசயங்களை முன்வைக்கிறது. கொப்பியைக் காட்டிக் கிளினிக் போகிறவருக்கு அந்த நாள் பேரை வெட்டக்கூடாது என்ற கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வேண்டும் என்று சுகாதார அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்க வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, நாம் கேட்பது தர்மம் அல்ல. மூன்றாவதுக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் பிரிவிலிருந்து இரண்டு பேர், சீனி, பிரஷர் உள்ளவர்களின் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போய், கிளினிக் போனீர்களா, குளிசை இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்பதோடு நில்லாமல் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்துப் பேச வேண்டும். வேன்காரர் செய்ததை நாமே செய்யலாம், போத்தல் இல்லாமல்.

விரல் இழந்த நம் உறுப்பினரிடம் இந்த வேலையில் சேருவீர்களா என்று கேட்டோம். "நடக்கத்தான் கொஞ்சம் கஷ்டம். லயத்துக்குள்ள போய் வருவேன்" என்றார். அவர் டிவிசனில் முதல் பெயர் அவருடையது. மற்ற டிவிசன்களின் பெயர்களை இன்று கூட்டம் கலையுமுன் மாதர் பிரிவுத் தலைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.